கட்டிய பிறகு அனுமதி கேட்ட உணவு வண்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

அக்காவும் தம்பியும் சேர்ந்து நடத்திய சிறிய கேட்டரிங் தொழில். வாடகைச் சமையற்கூடத்தில் சமைத்து அலுவலகங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார்கள். தொழில் பதிவும் உணவு உரிமமும் அக்காவின் பெயரில் இருந்தன. பார்சல் ஏற்ற ஓடிய மூடிய வேன் ஒன்று தோதான விலைக்கு வந்ததும் தம்பி அதைத் தன் பெயரில் வாங்கினார். பாடி கட்டும் பட்டறை ஒன்றில் விட்டு, ஆறு வாரத்தில் உணவு வண்டியாக்கிக் கடையைத் திறந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. அனுமதி என்பது வண்டி தயாரான பிறகு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது என்று இருவருமே நினைத்திருந்தார்கள். பட்டறைக்காரரும் அதையே சொன்னார். அவர் லாரி, வேன் வேலையில் கைதேர்ந்தவர். சமையல் வண்டி மட்டும் அவருக்குப் புதிது.

அந்த ஊரின் சுகாதார விதிகள் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஃபுட் கோட் என்ற மாதிரி விதித்தொகுப்பைத் தழுவியவை. தீ விதிகள், அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வணிகச் சமையலுக்கு வகுத்த என்.எஃப்.பி.ஏ. 96 என்ற தரத்தைத் தழுவியவை. வேறு விதிகள் உள்ள இடத்தில் கீழே வரும் எண்கள் சில மாறும். கேட்கப்படும் கேள்விகள் அநேகமாக இவையேதான்.

முதல் மனுவும் திரும்பி வந்த கடிதமும்

உட்புறம் பிளைவுட் அடித்து, சிங்க் பொருத்தி, தண்ணீர்த் தொட்டிகளை மாட்டிய பிறகுதான் சுகாதாரத் துறைக்குப் போனார்கள். வண்டி வெளியே நிற்கிறது, வந்து பாருங்கள் என்றதற்கு அலுவலர் சொன்ன பதில்: “வண்டியை அப்புறம் பாக்கலாம்மா. முதல்ல படத்தைக் காட்டுங்க.”

அவர் கேட்டது அளவுகளுடன் கூடிய தரை வரைபடம், ஒவ்வொரு கருவியின் பெயரும் மாடல் எண்ணும், தண்ணீர்க் குழாய் செல்லும் வழி, தொட்டிகளின் கொள்ளளவு, சுவர் தரை கூரைக்கான பொருள்கள், பேஸ் கிச்சன் எனப்படும் அடிப்படைச் சமையற்கூடத்தின் (வண்டி தினமும் கிளம்பித் திரும்பும் இடம்) ஒப்புதல் கடிதம், கடைசியாக உணவுப் பட்டியல். மனுவில் உணவு வகை என்ற இடத்தில் “துரித உணவு” என்று இரண்டே சொல் எழுதியிருந்தார்கள். அது போதாது. ஒவ்வொரு உணவும் வண்டிக்குள் பச்சையாக வருகிறதா, வெந்து வருகிறதா, எங்கே நறுக்கப்படுகிறது, எங்கே வேகிறது, விற்கும்வரை எந்த வெப்பத்தில் இருக்கிறது, மிஞ்சினால் என்ன ஆகிறது என்று வரி வரியாகத் தர வேண்டும். சிங்க் எத்தனை, குளிர்பெட்டி எத்தனை, எவ்வளவு தண்ணீர் என்று வண்டியில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தப் பட்டியல்தான். இதை எழுதாமல் வண்டியைக் கட்ட ஆரம்பிப்பவர்கள், எதற்காகக் கட்டுகிறோம் என்று தெரியாமலே கட்டுகிறார்கள்.

வரைபடம் போட்டுக் கொடுத்து மூன்று வாரம் கழித்து, திருத்தங்கள் கேட்டுக் கடிதம் வந்தது. பட்டறை வேலை அங்கேயே நிறுத்தப்பட்டது. இந்த நிகழ்வில் எடுத்த மிகச் சரியான முடிவு இது. இதற்குமேல் அடித்த ஒவ்வொரு ஆணியையும் பிறகு பிடுங்க வேண்டியிருந்திருக்கும்.

தொட்டிகளும் சிங்க்கும்

நன்னீர்த் தொட்டி 120 லிட்டர், கழிவுநீர்த் தொட்டியும் 120 லிட்டர். ஒரே அளவில் இரண்டு வாங்கினால் பொருத்துவது சுலபம் என்று பட்டறையில் செய்தது. விதிப்படி கழிவுநீர்த் தொட்டி நன்னீர்த் தொட்டியைவிட 15 சதவீதமாவது பெரிதாக இருக்க வேண்டும். குழாயில் வருவது மட்டும் வடிகாலுக்குப் போவதில்லை. உருகிய ஐஸ், கழுவிக் கொட்டிய சாறு, சோப்பு நுரை எல்லாம் சேரும். 120 லிட்டருக்கு 138 லிட்டர் தேவை. வண்டிக்கு அடியில் அதற்கு இடமில்லை.

பெரிய கழிவுநீர்த் தொட்டிக்காக வண்டியின் அடிச்சட்டகத்தை வெட்டுவதைவிட, நன்னீர்த் தொட்டியை 100 லிட்டராகக் குறைக்க முடிவு செய்தார்கள். 115 லிட்டர் இருந்தால் போதும் என்ற கணக்கில், இருக்கும் 120 லிட்டர்த் தொட்டி அப்படியே தேறியது. எடையிலும் 20 கிலோ குறைந்தது.

ஆனால் 100 லிட்டர் ஒரு வேளை விற்பனைக்குப் போதுமா? பாத்திரம் கழுவ மூன்று பகுதி சிங்க்: கழுவ ஒன்று, அலச ஒன்று, கிருமிநீக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் 36 சென்டிமீட்டர் சதுரம், 25 சென்டிமீட்டர் ஆழம். 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினாலே ஒன்றுக்கு ஏறத்தாழ 26 லிட்டர்; மூன்றுக்கும் 78 லிட்டர். ஒரே ஒரு முறை பாத்திரம் கழுவினால் கை கழுவ 22 லிட்டர்தான் மிஞ்சும். எனவே வழக்கமான பாத்திரக் கழுவலை அடிப்படைச் சமையற்கூடத்துக்கு மாற்றினார்கள். கரண்டி, இடுக்கி, கத்தி ஆகியவற்றில் மூன்று செட் வண்டியில் ஏறும். அழுக்கானது மூடிய டப்பாவில் திரும்பிப் போகும். வண்டியிலுள்ள சிங்க் வேலை செய்யும் நிலையில்தான் இருக்க வேண்டும், ஆனால் அவசரத்துக்கு மட்டும். இதை எழுத்தில் நடைமுறைக் குறிப்பாகக் கொடுத்ததும் அலுவலர் ஏற்றுக்கொண்டார்.

சிங்க்கில் இன்னொரு சிக்கல் இருந்தது. வண்டியில் இருக்கும் மிகப் பெரிய பாத்திரம் சிங்க்கில் முங்க வேண்டும் என்பது விதி. அவர்கள் பட்டியலிட்ட குண்டானின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். சிங்க்கை மாற்றுவதற்குப் பதில் குண்டானைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது சமையற்கூடத்தில் நிற்கும். வண்டியில் 32 சென்டிமீட்டருக்கு மேல் எதுவும் ஏறாது. கருவிப் பட்டியலைப் பெருமைக்கு நீட்டுபவர்கள் பலர். அதில் எழுதிய ஒவ்வொன்றுக்கும் இடமும் தண்ணீரும் மின்சாரமும் காட்ட வேண்டியிருக்கும்.

நன்னீர் நிரப்பும் வாயும் கவனிக்கப்பட்டது. அதன் உள்விட்டம் 19 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, வேறு குழாய் எதுவும் பொருந்தாத இணைப்பாக இருக்க வேண்டும். கழிவுநீர் வெளியேறும் வாய் 25 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, அடைப்பு வால்வும் வேண்டும். பட்டறையில் இரண்டுக்கும் ஒரே இணைப்பைப் போட்டிருந்தார்கள். அப்படி இருந்தால், கழிவை இறக்கிய குழாயை அவசரத்தில் நன்னீர்ப் பக்கம் மாட்டிவிட ஒரு நொடி போதும்.

எடை

இது யார் கடிதத்திலும் வரவில்லை. வாகனப் பதிவில் மாற்றம் கேட்கும்போதுதான் தெரிந்தது. வேனின் மொத்த எடை வரம்பு 3,500 கிலோ. உள்வேலை முடிந்த நிலையில் எடைமேடையில் ஏற்றியபோது 2,980 காட்டியது. அதன்மேல் தண்ணீர் 100, நிரம்பிய இரண்டு சிலிண்டர் 60, ஜெனரேட்டர் 90, சரக்கு 150, மூன்று ஆட்கள் 225. கூட்டினால் 3,605 கிலோ. வரம்புக்கு மேல் 105.

இரண்டு குளிர்பெட்டிகளில் ஒன்றை இறக்கியதில் 70 கிலோ குறைந்தது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் சதுர மீட்டருக்குச் சுமார் 11 கிலோ வரும்; அதைக் கழற்றி, பாதி எடையுள்ள மெல்லிய தகடு அடித்ததில் இன்னொரு 55 கிலோ குறைந்தது. லேசாக இருக்கிறதே என்று நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியப் பலகையை எல்லா இடத்திலும் அடிக்கப் பட்டறைக்காரர் யோசனை சொன்னார். அடுப்புப் பக்கம் அது கூடாது. அந்த நடுப்பகுதி எரியும். அடுப்புச் சுவரில் மட்டும் கனிமக் கம்பளியின் மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு போடப்பட்டது.

இப்போது 3,480 கிலோ. இருபது கிலோ இடைவெளியை நம்பி ஓட்ட முடியாது என்பதால் மூன்றாவது ஆள் தனியாக வருவதென்று வைத்துக்கொண்டார்கள். நன்னீர்த் தொட்டி பின் அச்சுக்கு முன்னால் நகர்த்தப்பட்டது. விற்பனையின்போது தண்ணீர் நன்னீர்த் தொட்டியிலிருந்து கழிவுத் தொட்டிக்கு இடம் மாறுகிறதே தவிர மொத்த எடை குறைவதில்லை. கழிவைக் கொட்டாமல் மறுநாள் நன்னீரை நிரப்பினால்தான் வண்டி வரம்பைத் தாண்டும். கழிவைத் தினமும் சமையற்கூடத்தில் இறக்க வேண்டும் என்பதற்குச் சுகாதாரம் மட்டும் காரணம் இல்லை.

பெயரும் பதிவு எண்ணும்

வாகனம் தம்பி பெயரில், தொழில் அக்கா பெயரில். இருவருக்கும் இடையே குத்தகை ஒப்பந்தம் எழுதினால் சுகாதாரத் துறை ஏற்கத் தயாராக இருந்தது. காப்பீட்டு நிறுவனம் ஒத்துக்கொள்ளவில்லை: பாலிசிதாரரும் வண்டியில் வியாபாரம் செய்பவரும் ஒருவராக இருக்க வேண்டும் என்றது. ஆகவே வாகனத்தைத் தொழிலின் பெயருக்கு மாற்ற முடிவு செய்தார்கள்.

அந்த மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே, நேரம் மிச்சப்படட்டும் என்று எரிவாயுச் சோதனையை முடித்துச் சான்றும் வாங்கிவிட்டார்கள். பெயர் மாற்றத்தோடு பதிவு எண்ணும் மாறியது. தீயணைப்பு ஆய்வாளர் வந்தபோது சான்றில் பழைய எண், வண்டியில் புதிய எண். சோதித்தது இதே வண்டியைத்தான் என்று சான்று சொல்லவில்லை. ஆய்வு செய்யாமலே திரும்பிவிட்டார். குழாய் பொருத்துநர் மறுபடி வந்து, அழுத்தச் சோதனையைத் திரும்பச் செய்து, இந்த முறை வண்டியின் சட்டகத்தில் பொறித்த சேஸ் எண்ணையும் எழுதிக் கொடுத்தார். எண் பலகை மாறினாலும் சேஸ் எண் மாறாது. அதன் பிறகு போன எல்லாத் தாள்களிலும் சேஸ் எண் சேர்க்கப்பட்டது.

காப்பீட்டில் இன்னொன்றும் தெரியவந்தது. மோட்டார் பாலிசி, வண்டி ஓடும்போது நடப்பதைப் பார்க்கும். நின்று விற்கும்போது வாடிக்கையாளர் மேல் எண்ணெய் தெறித்தால் அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு தனியாக வேண்டும். வண்டி நிறுத்த இடம் தந்தவர், அந்தத் தாளைப் பார்க்காமல் கையெழுத்திடவில்லை.

எரிவாயுவும் தீ ஆய்வும்

சிலிண்டர்கள் முதலில் பின்புற அலமாரிக்குள், வண்டியின் உட்புறம் திறக்கும் கதவோடு இருந்தன. புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் தரையோடு தேங்கும். சிலிண்டர் அறை சமையல் பகுதியிலிருந்து முழுக்க அடைக்கப்பட்டு, வெளியே மட்டும் திறந்து, அடிமட்டத்தில் காற்றுத் துளைகளோடு இருக்க வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து நின்று, வண்டி ஆடினாலும் நகராதபடி பட்டையால் கட்டப்பட வேண்டும். கசிவு உணர்கருவியைப் பட்டறையில் கூரை ஓரம் வைத்திருந்தார்கள், வீட்டுப் புகை உணர்கருவி வைப்பதுபோல. அது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறங்கியது.

எண்ணெய்ப் பொரிப்பானுக்கும் பக்கத்து அடுப்புக்கும் இடையே 15 சென்டிமீட்டர்தான் இருந்தது. தரம் கேட்பது 406 மில்லிமீட்டர் இடைவெளி. இல்லையென்றால் நடுவில் 203 மில்லிமீட்டர் உயர எஃகுத் தடுப்பு. வண்டிக்குள் இடைவெளி விட வழியில்லை, தடுப்பு வைத்தார்கள். புகைக் கூண்டின் கீழ் ஈர ரசாயன அணைப்பு அமைப்பு, அது இயங்கித் தெளித்ததும் எரிவாயுவைத் தானே நிறுத்தும் வால்வு, வெளியேறும் வழியில் கையால் இழுக்கும் பிடி, சமையல் எண்ணெய்த் தீக்கான கே வகைக் கையடக்க அணைப்பான் (ஐரோப்பாவில் இதை எஃப் வகை என்பார்கள்) ஆகியவை பொருத்தப்பட்டன.

இரண்டாம் வருகையில் தீ ஆய்வு தேறியது. ஆய்வாளர் எழுதிச் சென்ற குறிப்பு ஒன்று முக்கியமானது: தெளிப்பு முனைகள் எந்தக் கருவிக்கு நேரே எது என்று கணக்கிட்டு வைக்கப்பட்டவை. பொரிப்பானையும் கல்லையும் இடம் மாற்றினால் அனுமதி செல்லாது. கருவிகளின் கால்கள் தரையில் எங்கே நிற்க வேண்டும் என்று பெயிண்டால் குறி போட்டார்கள்.

சுகாதார ஆய்வு: தோல்வியும் திருத்தமும்

முதல் ஆய்வில் வண்டி தேறவில்லை. காரணம் கட்டுமானத்தில் இல்லை, மின்சாரத்தில் இருந்தது. வெந்நீர்க் கருவி 1,500 வாட், குளிர்பெட்டி 250, புகை விசிறி 370, விளக்குகள் 60. மொத்தம் 2,180 வாட். ஜெனரேட்டர் 2.2 கே.வி.ஏ.; அதிலிருந்து தொடர்ந்து எடுக்க முடிவது ஏறக்குறைய 2,000 வாட். குளிர்பெட்டியின் கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும் கணத்தில் அதன் வழக்கமான இழுப்பைப்போல நான்கு மடங்கு கேட்கும். அப்போதெல்லாம் ஜெனரேட்டர் டிரிப் ஆனது. ஓட்டிக்காட்ட வேண்டுமே என்று வெந்நீர்க் கருவியை அணைத்து வைத்தார்கள். கை கழுவும் குழாயில் வெந்நீர் வரவில்லை. பல தடவை நின்று ஓடிய குளிர்பெட்டிக்குள் 9 டிகிரி. வரம்பு 5 டிகிரி.

பெரிய ஜெனரேட்டர் வைத்தால் எடை கூடும். எரிவாயு வெந்நீர்க் கருவி வைத்தால் குழாய் வரைபடம் மாறும், எரிவாயுச் சான்று மறுபடி வாங்க வேண்டும், அதனால் தீ அனுமதியும் மறுபடி திறக்கும். இரண்டையும் விட்டுவிட்டு வெந்நீர்க் கருவியின் சுருளை 750 வாட்டுக்கு மாற்றினார்கள். 15 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற அதற்குச் சுமார் 35 நிமிடம் ஆகும். சமையற்கூடத்து மின்சாரத்தில் செருகிச் சூடாக்கிக்கொண்டு கிளம்பினால், விற்பனை நேரத்தில் சூட்டைத் தக்கவைத்தால் போதும். மொத்த இழுப்பு 1,430 வாட்டுக்கு இறங்கியது. ஏற்கெனவே கையில் உள்ள எந்த அனுமதியையும் தொடாத திருத்தம் என்பதே இதைத் தேர்ந்ததற்கு முதல் காரணம்.

உணவுப் பட்டியலும் சுருங்கியது. வண்டியில் வேகவைத்து ஆறவைத்து மறுநாள் சூடாக்கும் இரண்டு உணவுகள் இருந்தன. ஆறவைப்பதற்கு விதி கடுமை: 57 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள், 5 டிகிரிக்கு மொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். ஒரே குளிர்பெட்டி உள்ள வண்டியில் இது நடக்காது. அந்த இரண்டையும் நீக்கி, மிஞ்சும் சூடான உணவு கொட்டப்படும் என்று எழுதிக் கொடுத்தார்கள். பச்சைக் கோழியை வண்டிக்குள் நறுக்குவதில்லை என்பதும் சேர்ந்தது. இரண்டாம் ஆய்வில், வெப்பநிலைப் பதிவேடு வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

நிறுத்தும் இடம்

சாலையோர இடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்ததால் தனியார் நிலத்தைப் பார்த்தார்கள். நில உரிமையாளர் சம்மதம் மட்டும் போதவில்லை. அந்த நிலத்தில் உணவு விற்கலாம் என்று உள்ளாட்சியின் நிலப் பயன்பாட்டு ஒப்புதலும், பணியாளர்கள் பக்கத்துக் கட்டடத்துக் கழிப்பறையைப் பயன்படுத்தலாம் என்ற கடிதமும் கேட்டார்கள். கழிப்பறைக் கடிதம் பலருக்கும் கடைசி நேரத்தில் தெரியவரும் ஒன்று. கலிபோர்னியாவில், வண்டி ஓரிடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றால் கழிப்பறை 200 அடிக்குள் இருக்க வேண்டும்.

என்ன ஆனது

ஆறு வாரம் என்று போட்ட கணக்கு ஐந்தாம் மாதத்தில் முடிந்தது. தாமதத்தில் பெரும்பகுதி அலுவலகங்களில் போனதல்ல. கட்டியதைக் கழற்றி மறுபடி கட்டியதில் போனது.

திறந்த மூன்றாம் மாதம் வேறொரு பக்கத்திலிருந்து சிக்கல் வந்தது. அடிப்படைச் சமையற்கூடத்தின் உரிமையாளர் குத்தகையை முடித்துக்கொண்டார். வண்டியின் அனுமதி அந்த முகவரியைச் சார்ந்தது என்பதால், கடிதம் செல்லாதென்று ஆனதும் வண்டியின் அனுமதியும் நிறுத்திவைக்கப்பட்டது. அவர்களுக்குத் தெரிந்த இன்னொரு சமையற்கூடம் இருந்தது. ஆனால் அது கோப்பில் இல்லை. கழிவுநீர் இறக்கும் வசதி, குளிர்பதன இடம், பயன்படுத்தும் நேரம் ஆகியவற்றைக் குறித்த புதிய கடிதம் போய், அலுவலர் அந்த இடத்தைப் பார்த்துவந்த பிறகே வண்டி மறுபடி கிளம்பியது. அதுவரை விற்பனை இல்லை. நில வாடகை மட்டும் ஓடியது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

உணவுப் பட்டியலே முதல் தாள். அதை வைத்துக் கருவிப் பட்டியல், அதை வைத்து வரைபடம், வரைபடத்துக்கு எழுத்தில் ஒப்புதல், அதன் பிறகே பட்டறை. வேன் வாங்குமுன் வெறும் வண்டியை எடைமேடையில் ஏற்றிப் பார்த்து, வரம்பில் எவ்வளவு மிச்சம் என்று கணக்கிட்டிருந்தால், குளிர்பெட்டி வாங்கி இறக்கிய செலவு நேர்ந்திருக்காது. தொழில், வாகனம், காப்பீடு மூன்றும் ஒரே பெயரில் அமையும்வரை வேறெந்தச் சோதனைக்கும் நாள் குறிக்கக்கூடாது.

இந்த வண்டிக்குச் சரியாக வந்த வரிசை இது: தொழில் பதிவு, சமையற்கூடக் கடிதம், வரைபட ஒப்புதல், கட்டுமானம், எடை, வாகனப் பதிவு மாற்றம், காப்பீடு, எரிவாயுச் சான்று, தீ ஆய்வு, சுகாதார ஆய்வு. நிறுத்தும் இடத்துக்கான பேச்சு மட்டும் முதல் நாளிலிருந்தே பக்கத்தில் ஓடலாம். அதற்குத்தான் யார் கையிலும் இல்லாத காத்திருப்பு அதிகம்.

சுகாதார ஆய்வுக்கு முதல் நாள், எல்லாக் கருவிகளையும் ஒன்றாகப் போட்டு, கதவைத் திறந்து மூடி, விற்பனை நடப்பதாகப் பாவித்து இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது இப்போது அவர்களின் வழக்கம். தீயணைப்பு அமைப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பராமரிப்பு உண்டு. உணவு அனுமதி ஆண்டுக்கு ஒரு முறை. அந்தப் பராமரிப்பை உணவு அனுமதி புதுப்பிப்புக்கு ஒரு மாதம் முன்னால் வரும்படி நகர்த்திவைத்தார்கள். அடுத்த புதுப்பிப்பு மனுவோடு இரண்டு சமையற்கூடங்களின் கடிதங்களும் போயிருக்கின்றன.